வரப்பில் நின்ற போலீஸ்

நாகப்பட்டினம், திருவாரூர் பக்கம் டீக்கடையில் அரசியல் பேசினால் ரெண்டு வாக்கியம் கண்டிப்பா வரும். "சங்கம் வந்துதான் விவசாயம் கெட்டுச்சு" என்பார் ஒருவர். "போலீஸ் எப்பவும் மிராசுதார் பக்கம்தான்" என்பார் இன்னொருவர். ஒன்று பொருளாதாரம், மற்றது சட்டம் ஒழுங்கு என்று பிரித்துக்கொள்கிறோம். 1960களின் கீழத்தஞ்சையைப் படிக்கப் படிக்க, ரெண்டும் ஒரே சண்டையாகத்தான் எனக்குத் தெரிகிறது.

அறுவடைக் கூலியை நெல்லாகத்தான் அளப்பாங்க, கலத்துக்கு இத்தனை என்று. 1944 மன்னார்குடி ஒப்பந்தம், 1948 மாயூரம் ஒப்பந்தம் எல்லாம் பேசி வாங்கியவை. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒரு வேலிக்கு (6⅔ ஏக்கர்) மேல் நிலம் வைத்திருந்தவர்களுக்குத்தான் அது பொருந்தும். பலர் பண்ணையாளை நிறுத்திவிட்டுத் தினக்கூலிக்கு மாறினார்கள்.

தினக்கூலியின் பலம் எது? விளைந்த கதிர் காத்திருக்காது, மணி உதிர்ந்துவிடும். அந்தச் சில நாட்கள்தான் அவர் கையில் இருந்த ஒரே ஆயுதம். உள்ளூர் ஆள் கூடுதல் கூலி கேட்டால் மிராசுதார் வெளியூர் ஆளை இறக்குவார். சங்கம் வரப்பில் மறிக்கும். போலீஸ் பந்தோபஸ்து வரும். கூலி பற்றி அந்தக் கான்ஸ்டபிளுக்கு எந்தக் கருத்தும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அவர் அங்கே நின்றாலே பேரம் முடிந்தது. அவர் வராவிட்டாலும் முடிந்ததுதான், எதிர்ப்பக்கமாக. நடுவில் நிற்க இடமே இல்லீங்க.

இதை மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. 1967இல் மேற்கு வங்க ஐக்கிய முன்னணி அரசு, தொழிலாளர் கெராவ் செய்தால் தொழிலாளர் அமைச்சரைக் கேட்காமல் போலீஸ் தலையிடக் கூடாது என்றது. கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்த ஆண்டே அதை ரத்து செய்தது.

இங்கே அது 1968 டிசம்பர் 25, கீழவெண்மணியில் போய் முடிந்தது. ஒரே குடிசையில் 44 தலித்துகள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதே நாளில் மிராசுதார் தரப்பு ஆள் ஒருவரும் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் தொழிலாளிகள் தண்டனை பெற்றார்கள். 44 பேர் வழக்கிலோ, நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோரை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. பணக்காரர்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்களா என்ற சந்தேகமும் அந்தத் தீர்ப்பில் இருந்தது.

கணபதியா பிள்ளை கமிஷனும், அதையொட்டி நியாயக் கூலிச் சட்டமும் 1969இல்தான் வந்தன. போலீஸை உடனே அனுப்ப முடிந்த அரசுக்கு, கூலியைச் சட்டத்தில் எழுத 44 உயிர் போக வேண்டியிருந்தது. சங்கத்தைக் குறை சொல்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்.

இப்போது அறுவடை மெஷின் வந்துவிட்டது. அந்தச் சில நாட்களின் பலம் மெஷின்காரரிடம் போய்விட்டது. அறுத்த நெல் கொள்முதல் நிலைய வாசலில் மழையில் நனைகிறது. விவசாயிகள் சாலை மறியலில் உட்காருகிறார்கள். போலீஸ் வருகிறது, இந்தத் தடவை அவர்களை எழுப்பிவிட.