தட்டு ஓரத்தில் ஒதுங்கும் கால்சியம்!

கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா... எதில் என்ன சத்து? எப்படிச் சாப்பிட்டால் உடம்பில் சேரும்?

சோமனூர்ப் பக்கம் சாயங்காலம் நடந்தால் இரண்டு விஷயங்கள் கூடவே வரும். ஒன்று, விசைத்தறிகளின் 'தடக் தடக்' சத்தம். இன்னொன்று, ஏதாவது ஒரு வீட்டின் தாளிப்பு வாசனை. அரிசிம்பருப்புச் சாதமோ, கொள்ளு ரசமோ, பச்சைப்பயறு கடைசலோ, கறிவேப்பிலை பொரியாமல் கொங்கு வீட்டில் சமையல் முடியாது.

ஆனால், சாப்பிட்டு முடித்த தட்டுகளைப் பாருங்கள். அந்த இலைகள் எல்லாம் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும். காய்கறிக் கடையில் கொசுறாகக் கிடைப்பதாலோ என்னவோ, அதற்கு மரியாதை குறைவு!

பாலைவிட அதிகம்

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணைப்படி, 100 கிராம் கறிவேப்பிலையில் 600 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அதே அளவு பாலில் இருப்பது சுமார் 120 மில்லிகிராம். கூடவே, உடம்பில் வைட்டமின் ஏ-வாக மாறும் பீட்டா கரோட்டின் 7,000 மைக்ரோகிராமுக்கு மேல். கொத்தமல்லித் தழையில் வைட்டமின் சி-யும், புதினாவில் இரும்புச்சத்தும் உண்டு.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. தாளிப்புக்கு நாம் போடுவது ஓரிரு கிராம்தான். அதில் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு மில்லிகிராம் கால்சியம். ஒரு நாளைக்கு நமக்குத் தேவையோ 1,000 மில்லிகிராம்! இலையில் உள்ள கால்சியம் முழுவதும் உடம்பில் சேர்ந்தும் விடாது. அதனால் வாசனைக்குப் போடுவது போதாது. துவையல், பொடி, சட்னி என்று கைப்பிடி அளவில் உள்ளே போக வேண்டும்.

நெய்ச் சட்டி சொல்லும் பாடம்

'ஆன்டிஆக்ஸிடன்ட்' என்ற வார்த்தை எல்லா விளம்பரத்திலும் வருகிறது. அதன் அர்த்தம் நம் பாட்டிகளின் நெய்ச் சட்டியிலேயே இருக்கிறது. வெண்ணெய் உருக்கும்போது கடைசியில் கறிவேப்பிலையோ முருங்கை இலையோ போடுவார்கள் இல்லையா? அது மணத்துக்கு மட்டும் இல்லை. கொழுப்பு காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேரும்போதுதான் நெய் சிக்கு வாடை அடிக்கிறது. அந்த மாற்றத்தை இலையில் உள்ள சேர்மங்கள் தாமதப்படுத்துகின்றன.

நம் உடம்பின் செல்களிலும் இதுபோன்ற ஆக்ஸிஜன் சிதைவு நடந்துகொண்டேதான் இருக்கிறது. கறிவேப்பிலையில் உள்ள மஹானிம்பின், கோனிகின் போன்ற சேர்மங்கள் அதைத் தடுக்கும் திறன் கொண்டவை என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. சர்க்கரையைக் குறைக்கும் என்பதற்கான ஆய்வுகளில் பெரும்பாலானவை எலிகளிடம் நடந்தவை. அதனால் மாத்திரையை நிறுத்திவிட்டு இலையை மெல்லும் விபரீதம் வேண்டாம்.

இந்தச் செடியின் அறிவியல் பெயரில் வரும் 'கோனிகி', நம் தரங்கம்பாடிக்கு 1768-ல் வந்து தாவரங்களைச் சேகரித்த கோனிக் என்ற மருத்துவரின் நினைவாக வைக்கப்பட்டது.

டீ கொஞ்சம் தள்ளிப் போகட்டும்

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது, இரண்டு பேரில் ஒருவருக்கு! தறிக்குடோனிலும் பனியன் கம்பெனியிலும் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதை 'வேலைக் களைப்பு' என்று நினைத்துக்கொள்ளும் பெண்கள் நம் வீட்டிலேயே இருக்கலாம்.

கீரையிலும் இலையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளாது. வைட்டமின் சி கூட இருந்தால் எடுத்துக்கொள்ளும். புதினா சட்னியில் எலுமிச்சை பிழிவது அதனால்தான் நல்லது. சாப்பிட்ட உடனே குடிக்கும் டீ இதற்கு நேர் எதிரி. குறைந்தது ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். ரத்தசோகை இருந்தால், டாக்டர் தரும் இரும்புச்சத்து மாத்திரைதான் மருந்து. இலை அதற்குத் துணை மட்டுமே.

சமைக்கும்போது கவனிக்க...

* கொத்தமல்லியை அடுப்பை அணைத்த பிறகு தூவுங்கள். வைட்டமின் சி சூட்டில் அழிந்துவிடும்.
* கறிவேப்பிலையை எண்ணெயில் வதக்குவது தப்பில்லை. பீட்டா கரோட்டின் உடம்பில் சேர எண்ணெய் வேண்டும். கருகவிடாதீர்கள்.
* கடையில் வாங்கிய இலையைத் தண்ணீரில் இரண்டு மூன்று முறை நன்றாக அலசுங்கள். பூச்சிமருந்து முழுவதும் போய்விடாது, ஆனால் குறையும். இடமிருந்தால் வாசலில் ஒரு கன்று நடுங்கள். வெயிலும் தண்ணீரும் இருந்தால் போதும்.
* ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள், கீரை, இலைகளின் அளவைத் திடீரென்று கூட்டும் முன் டாக்டரிடம் கேளுங்கள்.

கொள்ளு கறிவேப்பிலைப் பொடி

நிழலில் உலர்த்திய கறிவேப்பிலை 2 கப், கொள்ளு, உளுத்தம்பருப்பு தலா 2 டேபிள்ஸ்பூன், மிளகு 1 டீஸ்பூன், காய்ந்த மிளகாய் 4, கொஞ்சம் புளி, பெருங்காயம், உப்பு. பருப்புகளைத் தனியாகச் சிவக்க வறுத்து, மிளகு, மிளகாய், புளியைச் சூடு காட்டி, கடைசியாக இலையை மொறுமொறுப்பாகும்வரை புரட்டுங்கள். ஆறியதும் உப்பு, பெருங்காயம் சேர்த்து அரைத்தால் பொடி தயார். சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து கொடுங்கள்.

இலையைப் பொறுக்கி ஒதுக்கும் குட்டீஸ்கூட, இதில் எதை ஒதுக்குவது என்று தெரியாமல் சாப்பிட்டுவிடுவார்கள்!