மார்பகத்தில் சாதாரணக் கட்டி: அகற்ற வேண்டுமா, எவ்வழியில்?

“புற்றுநோய் இல்லை” என்ற முடிவைக் கேட்ட பின்னரும் எங்கள் அறையிலிருந்து பலர் எழுந்துவிடுவதில்லை. “அப்படியானால் இதை எப்போது எடுத்துவிடலாம், டாக்டர்?” என்ற கேள்வி உடனே வருகிறது. கேட்பவர் பெரும்பாலும் கட்டி உள்ள பெண் அல்லர்; உடன் வந்திருக்கும் தாயார். வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருப்பார்கள்; அதற்குள் இது முடிந்துவிட வேண்டும் என்பது அவர் கவலை. அக்கவலையை நாங்கள் எளிதாக எண்ணவில்லை. ஆயினும் எடுக்க வேண்டிய கட்டிதானா என்பதே முதற் கேள்வி. எப்படி எடுப்பது என்பது அதன் பின்னரே வரும்.

இளம்பெண்களின் மார்பகத்தில் காணும் கட்டிகளுள் மிகுதியானவை ஃபைப்ரோஅடினோமா எனப்படும் நார்த்திசுக் கட்டிகள். 15 முதல் 35 வயதுக்குள் இவை அதிகம் தோன்றுகின்றன. தொட்டால் ரப்பர் போன்று இருக்கும். விரலுக்கு அகப்படாமல் நழுவும். ஈஸ்ட்ரோஜன் சுரப்புக்கு ஏற்ப வளர்வதால் கருவுற்ற காலத்தில் பெரிதாகக்கூடும். மாதவிடாய் நின்ற பின் பெரும்பாலும் சுருங்கிவிடும். எளிய நார்த்திசுக் கட்டி பிற்காலத்தில் புற்றுநோயாகிவிடும் என்று அஞ்சத் தேவையில்லை. நீர்க்கட்டி என்பது வேறு. அதற்குப் பெரும்பாலும் அறுவை வேண்டியதில்லை. தொல்லை கொடுத்தால் ஊசியால் நீரை உறிஞ்சி எடுத்துவிடலாம்.

கட்டி இன்னது என்ற உறுதி முதலில் வேண்டும். மருத்துவர் கையால் தொட்டறிவது, ஸ்கேன், ஊசி வழியே சிறிது திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி ஆகிய மூன்றும் ஒரே முடிவைச் சொல்ல வேண்டும். 40 வயதைக் கடந்தவர்களுக்கு மேமோகிராமும் தேவைப்படும். மிக இளவயதினருக்கு, ஸ்கேனில் ஐயம் ஏதுமில்லையெனில், பயாப்ஸி இன்றியே கண்காணிப்பதும் உண்டு. ஊசி பட்டால் சாதாரணக் கட்டி புற்றுநோயாகிவிடும் என்று அஞ்சிப் பயாப்ஸியை மறுப்போரை இன்றும் காண்கிறோம். அவ்வாறு நேர்வதில்லை.

மூன்றும் ஒத்துவந்து, கட்டியும் சிறிதாக இருப்பின், ஆறு மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பதே பலருக்குப் போதுமானது. இதைச் சொன்னால், “சும்மா விட்டுவிடச் சொல்கிறார்களே” என்று சிலருக்கு மனக்குறை. கண்காணிப்பும் சிகிச்சையே. கட்டி விரைந்து வளர்ந்தாலோ, 3 செ.மீ. அளவைத் தாண்டினாலோ, வலி தந்தாலோ, பயாப்ஸியும் ஸ்கேனும் முரண்பட்டாலோ அகற்றுவது பற்றிப் பேசுகிறோம். இவை எதுவுமின்றி, கட்டி இருக்கிறதே என்ற எண்ணமே ஒரு பெண்ணின் உறக்கத்தைக் கெடுக்குமாயின், அதையும் தக்க காரணமாகவே ஏற்கிறோம். ஆனால் அந்த எண்ணம் அவருடையதாக இருக்க வேண்டும். இதற்காகவே பெண்ணிடம் சிறிது நேரம் தனியே பேசுகிறோம். உடன் வந்தோர் இதைத் தவறாக எண்ண வேண்டாம்.

அகற்றுவதென்று முடிவானால் வழிகள் முக்கியமாக இரண்டு. முதலாவது, தோலைக் கீறிக் கட்டியை முழுமையாக எடுக்கும் அறுவை. கட்டி உடையாமல் வெளிவருவதால் அதன் விளிம்பு முதல் நடுப்பகுதி வரை சோதிக்க முடிகிறது. பெரிய கட்டிகளுக்கும், ஐயத்துக்குரிய கட்டிகளுக்கும் இதுவே ஏற்றது. பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ வீடு திரும்பிவிடுவர். எங்கே கீறுவது என்பதில்தான் பேச நிறைய உண்டு. கட்டிக்கு நேர் மேலே கீறினால் உட்திசுவுக்குச் சேதம் குறைவு. தழும்பு கண்ணில் படும். காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தின் ஓரமாகக் கீறினால் தழும்பு நிறத்தோடு மறைந்துவிடும். ஆனால் பால் நாளங்களோ நரம்புகளோ சேதமுற்று, பின்னாளில் தாய்ப்பால் தருவதிலும் காம்பின் உணர்விலும் குறை ஏற்படும் வாய்ப்பு சிறிதளவு உண்டு. மார்பகத்தின் கீழ் மடிப்பில் கீறினால் தழும்பு மறைவாக இருக்கும். மேற்பகுதிக் கட்டியை அங்கிருந்து எட்டுவது கடினம். நம் தோல் நிறத்தவர்க்குத் தழும்பு தடித்து மேடிடும் இயல்பு அதிகம். நடுநெஞ்சை ஒட்டிய பகுதியில் இன்னும் அதிகம். காது குத்திய இடமோ தடுப்பூசி போட்ட இடமோ உங்களுக்கு மேடிட்டிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கீறும் இடத்தையே அது மாற்றக்கூடும்.

இரண்டாவது, வெற்றிட உறிஞ்சு முறை. தோலை மரக்கச்செய்து, சில மில்லிமீட்டர் அளவே துளையிட்டு, ஸ்கேன் திரையைப் பார்த்தபடி ஒரு தடித்த ஊசியால் கட்டியைச் சிறு சிறு துண்டுகளாக உறிஞ்சி எடுக்கிறோம். முழு மயக்கம் தேவையில்லை. தையலும் பெரும்பாலும் இராது. தழும்பு ஒரு புள்ளியளவே. இதைக் கேட்டதும் இதையே விரும்புவோர் பலர். இதன் குறைகளையும் சொல்வது எங்கள் கடமை. கட்டி துண்டுகளாக வருவதால் விளிம்பு முழுதும் நீங்கியதா என்று உறுதிசெய்ய இயலாது. சிறிது எஞ்சி மீண்டும் வளரலாம். உள்ளே இரத்தம் கட்டி, மார்பகம் சில நாட்கள் நீலம் பாரித்திருக்கும். ஏறத்தாழ 3 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டிக்கு இது பொதுவாகப் பொருந்தாது. கருவியின் ஊசியை ஒருமுறைதான் பயன்படுத்த முடியும் என்பதால் சிறிய துளை எனினும் செலவு குறைவு என்று எண்ணிவிட வேண்டாம். காப்பீட்டில் இடமுண்டா என்பதை முன்பே கேட்டறியுங்கள்.

பயாப்ஸியில் ஃபிலாய்ட்ஸ் என்ற சொல் இடம்பெற்றால் நிலைமை வேறு. தோற்றத்தில் நார்த்திசுக் கட்டியை ஒத்ததே எனினும் இது மீண்டும் வளரும் இயல்புடையது. சில வேளைகளில் புற்றுநோயாகவும் இருக்கும். இதை அறுவையால் முழுமையாக எடுப்பதே முறை. சில வகைகளில் சுற்றியுள்ள நல்ல திசுவையும் சேர்த்து எடுக்க நேரும். இங்கே தழும்பு இரண்டாம் கவலைதான்.

ஒரே பெண்ணுக்கு நான்கைந்து கட்டிகள் இருப்பதும் உண்டு. அனைத்தையும் எடுப்பது மார்பகத்தில் தழும்புகளைப் பெருக்குமே தவிர, புதியது தோன்றுவதைத் தடுக்காது. ஐயமுள்ளதை மட்டும் எடுத்து மற்றவற்றைக் கண்காணிப்போம்.

எவ்வழியில் எடுத்தாலும் எடுத்த திசு ஆய்வகத்துக்குச் செல்ல வேண்டும். அறிக்கையை நீங்களே கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஆஸ்பிரின் போன்று இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மாத்திரைகள் இருந்தால் நாள் குறிக்கும்போதே தெரிவியுங்கள். சிகிச்சைக்குப் பின் மார்பகம் திடீரென வீங்கினாலோ, கட்டு நனையும் அளவு இரத்தம் கசிந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ மறுபரிசோதனை நாள் வரை காத்திராமல் இரவானாலும் அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.