சிறுகோளுக்குப் பெயர் வைப்பது யார்?

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே, 4130 என்ற எண்ணோடு ஒரு சிறுகோள் சூரியனைச் சுற்றுகிறது. அதன் பெயர் ராமானுஜன். ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதையின் பெயர்தான். அது வானேறிய கதையைத் தெரிந்துகொண்டால் சிறுகோள்களுக்குப் பெயர் வைக்கும் முறையும் புரிந்துவிடும்.

1988 பிப்ரவரி 17 அன்று, ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் ஆர். ராஜமோகன் அதைக் கண்டுபிடித்தார். கண்டதுமே பெயர் வைத்துவிட முடியாது. புது வண்டிக்குத் தற்காலிகப் பதிவு எண் தருவதுபோல, முதலில் ‘1988 டிக்யூ1’ என்ற அடையாளம் கிடைத்தது. ‘டி’ என்றால் பிப்ரவரியின் பிற்பாதி. ‘க்யூ1’ என்றால் அந்த அரை மாதத்தின் பட்டியலில் 41-ஆவது. பிறகு திரும்பத் திரும்பக் கவனித்து, சுற்றுப்பாதை உறுதியான பின்னரே 4130 என்ற நிரந்தர எண் வந்தது.

எண் வந்தபின், பெயரை முன்மொழியும் உரிமை 10 ஆண்டுகளுக்குக் கண்டுபிடித்தவருக்கு உண்டு. யாரை, எதற்காகச் சிறப்பிக்கிறோம் என்று ஒரு சிறு குறிப்பும் அவர் எழுதித் தர வேண்டும். சர்வதேச வானியல் ஒன்றியத்தின் பெயர்க்குழு ஏற்றால்தான் அது பெயர்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய நார்மன் போக்சன் 1861-இல் ஒரு சிறுகோளைக் கண்டார். ஆசியாவிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ‘ஆசியா’ என்றே பெயர், எண் 67. சாஃபோ, சில்வியா, கமிலா, வேரா ஆகியவையும் அவர் சென்னையில் கண்டவையே.

உள்ளூரில் கண்டுபிடித்தால்தான் உள்ளூர்ப் பெயர் கிடைக்கும் என்றில்லை. 4538-ஆம் சிறுகோளை 1988-இல் ஜப்பானில் கென்சோ சுசுகி கண்டார். நெடுங்காலம் பெயரில்லாமல் கிடந்த அதற்கு, சிறுகோள் மையத்தைச் சேர்ந்த மைக்கேல் ருடென்கோ நம் செஸ் வீரர் ஆனந்தின் பெயரை முன்மொழிந்தார். 2015-இல் அது ‘விஷிஆனந்த்’ ஆனது. முழுப் பெயர் வைத்திருந்தால் விதி இடித்திருக்கும். இடைவெளியையும் சேர்த்து 16 ரோமன் எழுத்துகளுக்கு மேல் போகக் கூடாது. ‘விஸ்வநாதன் ஆனந்த்’ 17 ஆகிவிடும்.

மற்ற விதிகளை மதுரைப் பக்கத்துக்காரர்களை வைத்தே பார்க்கலாம். அரசியலாலோ போராலோ புகழ்பெற்றவர் என்றால், மறைந்து 100 ஆண்டுகள் கழிய வேண்டும். திருமலை நாயக்கரும் ராணி மங்கம்மாளும் அந்த வரம்பை எப்போதோ கடந்துவிட்டார்கள். 1975-இல் மறைந்த காமராசருக்கு 2075 வரை காத்திருக்க வேண்டும். இசை, இலக்கியம், அறிவியல் சார்ந்தோருக்கு இந்தத் தடை இல்லை. மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரை இன்றைக்கே முன்மொழியலாம். உயிரோடு இருப்பவர்களுக்கும் வைக்கலாம், ஆனந்தே சாட்சி. வணிகப் பெயர்களுக்கு இடமில்லை. செல்லப் பிராணிகளின் பெயரை ஊக்குவிப்பதில்லை. ஏற்கெனவே உள்ள பெயரோடு குழம்பவும் கூடாது. பூமிக்கு அருகே வருபவற்றுக்குப் பொதுவாகப் புராணப் பெயர்களே வைக்கிறார்கள்.

பணம் கொடுத்து எந்தப் பெயரையும் வாங்க முடியாது. ‘உங்கள் பெயரில் ஒரு நட்சத்திரம்’ என்று சான்றிதழ் விற்பவர்கள் இருக்கிறார்கள்; அந்தத் தாளை வானியல் ஒன்றியம் ஏற்பதில்லை.

எண் பெற்ற சிறுகோள்கள் 8 லட்சத்துக்கும் மேல். பெயர் பெற்றவை சுமார் 25,000 மட்டுமே. ஆக, இடத்துக்குப் பஞ்சமில்லை. மதுரைப் பெயர் ஒன்று அந்தப் பட்டியலில் ஏற வேண்டுமானால், உரிமையுள்ள கண்டுபிடிப்பாளர் ஒருவரைத் தக்க காரணம் சொல்லி இணங்க வைக்க வேண்டும். அல்லது ராஜமோகனைப் போல நாமே ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும்.