உமிழ்நீரின் வரவும் செலவும்

நவம்பர் மாதத்தில் ஆயுள் சான்றிதழ் அளிக்க எங்கள் கொல்கத்தா கிளைக்கு வரும் ஓய்வூதியர்களில் சிலர், கையில் தண்ணீர்ப் புட்டியுடன் வருவர். நான்கு சொல் பேசினால் ஒரு மிடறு குடித்தாக வேண்டும். வயதானால் வாய் வறளும் என்று தமக்குத் தாமே சமாதானமும் கூறிக்கொள்வர். என் தாயாரும் இரண்டு ஆண்டுகள் அவ்வாறே கூறிவந்தார். லேக் மார்க்கெட்டில் வாங்கிவந்த முறுக்கை அவர் தொடாமல் வைத்தபோதும், பற்கள் ஒவ்வொன்றாகச் சொத்தையானபோதும் நாங்கள் அதையே நம்பினோம்.

வாய் வறட்சிக்கு முதுமை மட்டுமே காரணமன்று. ஒவ்வாமைக்கும் மனச்சோர்வுக்கும் உட்கொள்ளும் சில மருந்துகள், கழுத்துப் பகுதியில் பெற்ற கதிர்வீச்சுச் சிகிச்சை ஆகியவையும் காரணமாகலாம். உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பிகளைத் தாக்கும் நோயொன்றும் உண்டு. 1933இல் அதனை விரிவாக ஆராய்ந்த ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன் பெயரால் அது வழங்குகிறது.

சுரப்பிகள் எவ்வளவு வேலை செய்கின்றன என்பதை அணு மருத்துவப் படத்தால் அறியலாம். டெக்னீசியம்-99எம் என்னும் கதிரியக்கப் பொருளைச் சிறிதளவு கை நரம்பில் செலுத்துவர். நோயாளி அசையாது படுத்திருக்க, காமா கேமரா அரைமணி நேரத்திற்கும் மேலாகத் தொடர்ந்து படமெடுக்கும். இடையில் எலுமிச்சைச் சாறு தருவர்.

வங்கிக் கணக்கைப் போலவே இதனை வாசிக்கலாம். சுரப்பி இரத்தத்திலிருந்து அப்பொருளை ஈர்ப்பது வரவு. புளிப்பின் தூண்டுதலால் உமிழ்நீருடன் வாய்க்குள் வெளியேற்றுவது செலவு. வரவே இல்லையெனில் சுரப்பி செயலிழந்திருக்கக்கூடும். வரவு இருந்தும் செலவு இல்லையெனில் நாளத்தில் கல்லோ அடைப்போ இருக்கலாம். அப்பொருளின் கதிரியக்கம் 6 மணி நேரத்திற்கொருமுறை பாதியாகக் குறையும். ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்கே எஞ்சும். எனினும் கருவுற்றோரும் பாலூட்டும் தாய்மாரும் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவித்தல் அவசியம்.

அணு மருத்துவம் கொல்கத்தாவுக்குப் புதியதன்று. சால்ட் லேக்கில் உள்ள மாறு ஆற்றல் சைக்ளோட்ரான் மையம், தாக்குர்புகுரில் புற்றுநோய் மருத்துவமனை வளாகத்தில் அதற்கெனத் தனிப்பிரிவு நடத்தி வந்துள்ளது.

என் தாயாருக்கு இந்நகரிலேயே சோதனை நடந்தது. கீழ்த்தாடைச் சுரப்பிகள் இரண்டும் படத்தில் ஏறக்குறைய தெரியவேயில்லை. காதருகே உள்ள சுரப்பிகளோ எலுமிச்சைச் சாற்றுக்கு ஓரளவு இசைந்தன. நோயின் பெயரைப் படம் சொல்வதில்லை. இரத்தப் பரிசோதனையே அது ஷோக்ரன் நோய் என உறுதிசெய்தது. எஞ்சிய சுரப்பிகளைத் தூண்டும் மாத்திரையை மருத்துவர் அளித்தார். இழந்த பற்கள் மீளவில்லை. ஆயினும் சோற்றைத் தண்ணீரின் துணையின்றி அவரால் இப்போது விழுங்க முடிகிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே நாங்கள் சென்றிருக்கலாம். உங்கள் இல்லத்து முதியவர் இரவில் தண்ணீருக்காக அடிக்கடி எழுந்தால், வயதின் மீது பழி போடாதீர்கள். அவர் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலுடன் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.