எஞ்சிய பலகைகளுக்குச் சக்கர அடுக்கு

ஏறக்குறைய 25 ஆண்டுகள் வளர்ந்து, பால் குறைந்த பிறகே இரப்பர் மரம் வெட்டப்படுகிறது. அதன் பலகையில் எஞ்சும் துண்டுகளையும் வீணாக்குதல் கூடாது.

ஜொகூர் மாநிலத்தின் செனாயில் ஆண்டு முழுவதும் காற்றில் ஈரப்பதம் மிகுந்திருக்கும். வீட்டுப் பட்டறையின் சிமெண்டுத் தரையில் கிடக்கும் பலகைகள் ஈரத்தை உறிஞ்சுவதால் பூஞ்சணம் படரும், கரையானும் அரிக்கும்.

சக்கரங்கள் பொருத்திய அடுக்கு இதற்குத் தீர்வாகும். பலகைகள் தரையைத் தொடாததால் அடியில் காற்றோட்டம் கிடைக்கும். அடுக்கைத் தள்ளிவிட்டுத் தரையைக் கூட்டலாம்; கரையான் புற்றையும் உடனே கண்டறியலாம்.

கனமான துண்டுகளைக் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். அவற்றை மேலே வைத்தால், தள்ளும்போது அடுக்கு கவிழக்கூடும். இரண்டு சக்கரங்களுக்காவது பூட்டு இருத்தல் அவசியம்.

இவ்வாறு பாதுகாத்தால், சிறு துண்டும் முக்காலியின் காலாகவோ படச்சட்டமாகவோ பயன்படும்.