இங்கிலீஷ் இப்படித்தான் – 17: வினை முந்தும் வாக்கியம்

நியூயார்க்கில் 1923 மார்ச்சில் ‘டைம்’ வார இதழைத் தொடங்கிய பிரிட்டன் ஹேடன், ஹென்றி லூஸ் இருவரும் யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படித்தவர்கள். ஹேடனுக்கு ஹோமரின் இலியத் மீது தீராத மோகம். அந்தக் காவிய மிடுக்கைச் செய்திக்கும் கொண்டுவர ஆசைப்பட்டார். ‘த செனட்டர் செட்’ என்று எழுதவேண்டிய இடத்தில் ‘செட் த செனட்டர்’ என்று வினை முந்திக்கொண்டது. பக்கத்துக்குப் பக்கம் இதே கதை.

ஹேடன் 1929இல், 31 வயதில் இறந்துவிட்டார். அவர் கொண்டுவந்த நடை மட்டும் நிலைத்தது. 1936 நவம்பரில் ‘நியூயார்க்கர்’ இதழில் வால்காட் கிப்ஸ், லூஸைப் பற்றி எழுதிய கட்டுரையை முழுக்க டைம் நடையிலேயே எழுதினார். வாக்கியங்கள் பின்பக்கமாக ஓடி ஓடித் தலை சுற்றுகிறது என்ற கேலியையும் வினையை முன்னால் தள்ளியே சொன்னார். டைமின் பழைய நடையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அந்த வரியைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள்.

இதில் தலைசுற்ற என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றலாம். ‘வந்தது தீர்ப்பு’ என்று தலைப்புப் படித்து வளர்ந்தவர்கள் நாம். ‘நாயைப் பூனை துரத்தியது’, ‘துரத்தியது பூனை நாயை’ என்று எப்படிக் கலைத்தாலும் துரத்தியது பூனைதான். ‘ஐ’ உருபு நாயை விட்டு நகராது. ஆங்கிலத்தில் அந்த உருபு இல்லை. ‘த கேட் சேஸ்ட் த டாக்’ என்பதில் இரண்டு பெயர்களை இடம் மாற்றினால் துரத்துகிற பிராணியே மாறிவிடும். நமக்கு உருபு செய்யும் வேலையை அங்கே இடம் செய்கிறது. அதனால்தான் இடத்தைக் கலைக்க அந்த மொழி சில இடங்களில் மட்டும் அனுமதி தருகிறது.

முக்கியமான இடம், எதிர்மறை. ‘ஐ ஹேவ் நெவர் சீன் சச் எ கிரவுட்’ என்பது சாதாரணப் பேச்சு. ‘நெவர்’ முன்னால் வந்தால் ‘ஹேவ்’ அதன் பின்னாலேயே ஓடிவர வேண்டும்: ‘நெவர் ஹேவ் ஐ சீன் சச் எ கிரவுட்’. துணைவினை இல்லாத வாக்கியத்துக்கு ‘டூ’, ‘டஸ்’, ‘டிட்’ மூன்றில் ஒன்றைக் கடன் வாங்க வேண்டும். ‘ஷி செல்டம் ஸ்பீக்ஸ்’ என்பது ‘செல்டம் டஸ் ஷி ஸ்பீக்’ ஆகும். 1940 ஆகஸ்ட் 20 அன்று பிரிட்டிஷ் விமானப்படையினரைப் பாராட்டி நாடாளுமன்றத்தில் சர்ச்சில் சொன்ன புகழ்பெற்ற வாக்கியமும் ‘நெவர்’ என்றுதான் தொடங்கும். எழுவாய்க்கு முன்பே ‘வாஸ்’ வந்து நிற்கும்.

இது வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்கள் ஒரு வாக்கியத்தைப் பார்க்கட்டும். ‘வித் நோ ஜாப், ஷி உட் பி ஹேப்பி’ என்றால், வேலையே இல்லாவிட்டால் அவள் மகிழ்ச்சியாக இருப்பாள். ‘வித் நோ ஜாப் உட் ஷி பி ஹேப்பி’ என்றால், எந்த வேலை கொடுத்தாலும் அவளுக்குத் திருப்தி வராது. மாறியது ‘உட்’ நின்ற இடம் மட்டும், பொருள் தலைகீழாகிவிட்டது. வினை முந்தினால் ‘நோ’ வாக்கியம் முழுவதையும் மறுக்கிறது. முந்தாவிட்டால் அதன் அதிகாரம் ‘ஜாப்’ வரைதான்.

இதன் வேர் பழையது. பழைய ஆங்கிலத்தில் எது முதலில் வந்தாலும் வினை பெரும்பாலும் அடுத்த இடத்தைப் பிடிக்கும். ஜெர்மன் மொழியில் இன்றும் அதுதான் விதி. ஆங்கிலம் அதைப் படிப்படியாக இழந்தது. எதிர்மறை போன்ற சில இடங்களில் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. ‘நோ சூனர் ஹேட்’ என்று தொடங்கினால் பின்னால் ‘தேன்’ வரும், ‘வென்’ வராது. ‘சூனர்’ ஒப்பீட்டுச் சொல் என்பதே காரணம். ‘ஹார்ட்லி ஹேட்’ என்றால் ‘வென்’. ‘ஓன்லி வென் ஹி கேம் டிட் வி ஈட்’ என்பதில் வினை முந்துவது இரண்டாம் பாதியில். முதல் பாதியைத் தொடக்கூடாது.

இன்னொரு அனுமதி, இடத்தையோ திசையையோ முதலில் சொல்லும்போது. ‘இன் வாக்ட் த மினிஸ்டர்’ சரி. ஆனால் ‘ஹி’ என்றால் ‘இன் ஹி வாக்ட்’ என்று பழைய வரிசைக்கே திரும்பிவிடும். புதிதாக மேடையேறும் ஆளுக்குத்தான் வாக்கியத்தின் கடைசி இடம். ‘ஹி’ ஏற்கனவே நமக்குத் தெரிந்தவர்.

ஹேடனின் கோளாறும் இப்போது புரியும். ‘செட் த செனட்டர்’ தனியாகப் பார்த்தால் பெரிய பிழையில்லை. அழுத்தம் தேவைப்படாத எல்லா இடத்திலும் அழுத்தினார், அவ்வளவுதான். விடுப்பு விண்ணப்பத்தில் ‘நெவர் ஹேவ் ஐ’ என்று தொடங்காதீர்கள்; மேலாளர் சிரிப்பார். நீண்ட கட்டுரையில் ஒரே ஒரு இடத்தில், வாசகர் நின்று கேட்டே ஆகவேண்டிய இடத்தில், தாராளமாக எழுதுங்கள்.

நாளைய ஆங்கிலச் செய்தித்தாளின் தலையங்கத்தில் ‘நாட் ஓன்லி’ என்று தொடங்கும் வாக்கியம் கண்ணில் பட்டால், அதன் துணைவினை எங்கே நிற்கிறது என்று பார்த்து எழுதி அனுப்புங்கள்.