பல நாட்டார் கூடிச் செய்த தமிழ் மென்பொருள்

விரைவு, தரம், கூட்டுறவு ஆகிய மூன்றும் ஒரு தொழிலில் ஒருங்கே அமைதல் அரிது. விரைந்தால் தரம் குறையும். தரத்தை நாடினால் காலம் நீளும். பலர் கூடினாலோ இரண்டும் கெடும் என்பது பொதுவான எண்ணம். இவ்வெண்ணம் எவ்வளவு மெய்யானது என்பதை ஆராயப் பிரிஞ்சாங் வட்டாரத்துத் தேயிலைத் தோட்டங்களே தக்க இடமாகும்.

ஜே. ஏ. ரஸல் என்பார் 1929-ல் தொடங்கிய போ தேயிலை நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தோட்டம் பிரிஞ்சாங்கை அடுத்து அமைந்துள்ளது. செடியினின்று பிரிந்த கொழுந்து காத்திருக்கும் பொருளன்று. சாக்கில் அமுக்கி வைத்தால் இலை கசங்கிச் சூடேறும்; ஆலையில் நிகழவேண்டிய புளிப்பு வழியிலேயே தொடங்கிவிடும். ஆதலின் எடுத்த அன்றே அஃது ஆலை சேர்தல் வேண்டும். அங்கு வாட்டுதல், உருட்டுதல், புளிக்க வைத்தல், உலர்த்துதல், சலித்துத் தரம் பிரித்தல் என்னும் வேலைகள் முறையே நடைபெறுகின்றன. ஆயினும் முற்றிய இலையைக் கொண்டுவந்து கொட்டினால் எந்த ஆலையாலும் அதனை நல்ல தேயிலையாக்க இயலாது. ஆலை தரத்தைக் காக்கும், உண்டாக்காது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்து எடுக்கும் இடத்திலேயே தரம் பிறந்துவிடுகிறது. விரைவும் தரமும் பகைப்பொருள்கள் அல்ல என்பது இதனாற் பெறப்படும். கொழுந்தைப் பொறுத்தவரை விரைவே தரத்தின் ஒரு கூறு.

கூட்டுறவைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். முன்பு தமிழர் உழைப்பால் வளர்ந்த இம்மலைகளில் இன்று வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா முதலிய நாட்டினரும் வேலை செய்கின்றனர். தாய்மொழி வேறுபட்ட குழுவில் ‘இளங்கொழுந்தாக எடு’ என்று சொல்வதனால் மட்டும் பயனில்லை. இலையைக் கையில் எடுத்துக் காட்டினால்தான் ‘இளமை’ என்பதன் அளவு இன்னதென்று எல்லாருக்கும் ஒன்றாய் விளங்கும்.

நிற்க. கணினிக்கு வேலை கற்பிக்கும் கட்டளைத் தொகுதியே மென்பொருள். அதனைச் செய்வோர் தொடக்கத்தில் வீடு கட்டுவோரைப் போல முழுத் திட்டத்தையும் முதலில் வரைந்து, பின்னர்க் கட்டி, இறுதியிற் சோதிக்கும் முறையைக் கைக்கொண்டனர். பிழை இறுதியில் வெளிப்பட்டபோது அடித்தளத்தையே இடிக்க நேர்ந்தது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஸ்னோபேர்டு என்னும் மலையிடத்தில் மென்பொருள் வல்லுநர் 17 பேர் கூடி, வேறொரு நெறியை அறிக்கையாக வெளியிட்டனர். சிறு சிறு பகுதியாகச் செய்க. செய்ததை உடனே பயன்படுத்துவோரிடம் காட்டுக. அவர் சொல்வதைக் கேட்டுத் திருத்துக என்பது அதன் சாரம். இந்நெறியைச் ‘சுறுசுறுப்பு’ என்று பெயர்ப்பது முற்றும் பொருந்தாது. எறும்பும் சுறுசுறுப்பானதே. சடுகுடு ஆடுவோன் ஓடும் வேகத்திலேயே திசை திரும்புகிறானே, அந்தத் திறமே ஈண்டுக் கருதப்படுவது.

அவ்வறிக்கைக்கு முன்னரே, அதன் பெயரையும் அறியாமல், இம்முறையிற் பெரும்பகுதியைத் தமிழர் நடத்திக் காட்டினர் என்பது பலர் அறியாத செய்தி.

1990களில் தமிழ்க் கணினி உலகம் பாபேல் கோபுரம்போல் இருந்தது. ஒவ்வொரு மென்பொருளும் தமிழெழுத்துக்குத் தனித்தனி எண் கொடுத்தது. ஒன்றில் ‘க’ இருந்த எண்ணில் மற்றொன்றில் ‘னூ’ இருக்கும். கோலாலம்பூரிலிருந்து அனுப்பிய மடல் சென்னையில் வெறுங் குப்பையாய்த் தோன்றும். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985 முதல் வளர்த்த ‘முரசு அஞ்சல்’, சிங்கப்பூரில் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி அமைத்த ‘கணியன்’, தமிழ்நாட்டிலும் பிற நாடுகளிலும் தோன்றிய இன்னும் பல யாவும் தத்தம் அளவில் நல்லவையே. ஒன்றோடொன்று பேசமாட்டா என்பதே குறை.

1997 மே மாதம் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ் இணைய மாநாடு கூடிற்று. அதனையடுத்து மின்னஞ்சல் வழியாகவே ஒரு பொதுக் குறியீட்டை வகுக்கும் பணி தொடங்கியது. ‘திஸ்கி’ எனப்பட்ட அதன் பின்னணியில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்த விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம், முத்து நெடுமாறன் முதலியோரும் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலிருந்த ஆர்வலரும் இருந்தனர். ஊதியம் இல்லை, மேலாளர் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. குளிர்காலத்தில் கோலாலம்பூரில் காலை 8 மணி என்றால் கலிபோர்னியாவில் முந்திய நாள் மாலை 4 மணி. லோசானில் நள்ளிரவு கடந்து 1 மணி. ஒருவர் கேட்ட வினாவுக்கு மற்றவர் உறங்கி எழுந்த பின்னரே விடை கிடைக்கும். இஃது இடையூறுதான், ஆனால் ஒரு நன்மையும் உண்டு. நேரிற் பேசினால் காற்றோடு போகும் வாதங்கள் எழுத்தாய் நின்றன. யார் எதை ஏன் மறுத்தார் என்பதைப் பின்வந்தவரும் படித்தறிய முடிந்தது.

வரைவு உருவானதும் அதற்கேற்ற எழுத்துருக்கள் வந்தன. அவற்றால் மடல் எழுதியவர்களே குறை கூறினர், 1.6, 1.7 எனப் பதிப்புகள் திருந்தின. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் இதற்குப் பெருஞ்சோதனைக் களமாயிற்று. ஒரு நாட்டார் பழந்தமிழ் நூலைத் தட்டெழுதுவார். வேறு நாட்டார் மெய்ப்புப் பார்ப்பார். மின்னூலின் முகப்பில் இருவர் பெயரும் இடம்பெறும். பொறுப்பைப் பெயரோடு பிணைத்த இவ்வழக்கம், எளிதாயினும், தரத்தைக் காத்தவற்றுள் தலையாயது என்பது என் கருத்து.

எல்லாம் இனிதே முடிந்ததாகச் சொல்லுதற்கில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையிற் கூடிய மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு ‘டாம்’, ‘டாப்’ என்னும் வேறு குறியீடுகளை ஏற்றது. கடல் கடந்தோர் திஸ்கியைக் கைவிடவில்லை. தரப்படுத்தப் புகுந்த முயற்சியிலிருந்து இரண்டு தரங்கள் பிறந்தன! 1968-ல் மெல்வின் கான்வே என்னும் அமெரிக்கர், ஒரு குழுவினர் தமக்குள் எவ்வாறு பேசிக்கொள்கின்றனரோ அந்த அமைப்பையே அவர் செய்யும் பொருளும் பெறும் என்று எழுதினார். மின்னஞ்சலில் கூடியோர் ஒரு குழு, சென்னையில் அரசோடு கூடியோர் மற்றொரு குழு. விளைவும் அவ்வாறே இரண்டாயிற்று. அதே மாநாட்டின் மற்றொரு பயனாகிய ‘தமிழ்99’ விசைப்பலகையோ நிலைபெற்றது. உயிர் இடக்கையிலும் மெய் வலக்கையிலுமாக அமைந்து, ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும் அதன் எளிமையை விரல்கள் ஏற்றுக்கொண்டன. 2000-ல் சிங்கப்பூரில் ‘உத்தமம்’ என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியதும், 2001-ல் கோலாலம்பூரில் மாநாடு கூடியதும் இப்பிளவை ஆற்றும் முயற்சிகளே.

இதற்கிடையில் உலக மொழிகள் யாவற்றுக்கும் பொதுவான யூனிகோடு வளர்ந்து நின்றது. அதன் 1991-ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. இந்திய அரசு 1988-ல் எல்லா இந்திய எழுத்துகளுக்கும் ஒரே சட்டமாக வகுத்த ‘இஸ்கி’ அமைப்பையே அது தழுவியது. தேவநாகரிக்கு ஏற்ப அடித்த பெட்டியில் தமிழை வைத்தால் என்னாகும்? நம் ஆய்தத்திற்கு அங்கே ‘தமிழ் விசர்க்கக் குறி’ என்று பெயர்! தமிழிலக்கணம் பயின்ற ஒருவரேனும் உடனிருந்து பார்த்திருப்பின் இது நிகழ்ந்திராது. ஒரு முறை சூட்டிய பெயரை மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் உறுதியான விதி. ‘ஆய்தம்’ என்று பக்கக் குறிப்பு மட்டுமே சேர்க்க முடிந்தது.

அவ்விதியைக் குறை கூறவும் இயலாது. கோடிக்கணக்கான ஆவணங்கள் அதன்மேல் நிற்கின்றன. அடிக்கல்லை ஆண்டுதோறும் மாற்ற முடியாது. மாறக்கூடியது எது, மாறவே கூடாதது எது என்று முதலில் பிரித்தறிந்து, மாறாததில் நெடிது ஆராய்ந்தும் மாறுவதில் விரைந்தும் செயல்படுவதே இத்தொழிலின் நுட்பம். திரையிலுள்ள ஒரு சொல்லை நாளையே திருத்தலாம். எழுத்தின் குறியீட்டை அவ்வாறு செய்யலாகாது.

தொலைதூரக் குழுக்களிடையே சொல்லப்படாத ஊகம் எவ்வளவு தீங்கு செய்யும் என்பதற்கு 1999 செப்டம்பரில் அழிந்த செவ்வாய்க் கோள் விண்கலம் சான்று. ஒரு குழுவின் மென்பொருள் உந்துவிசையைப் பவுண்டு அளவில் தந்தது. மற்றக் குழு அதனை நியூட்டன் அளவென்று எடுத்துக்கொண்டது. இரு சாராரும் தம் கணக்கைச் சரியாகவே போட்டனர்.

தமிழிலோ இத்தகைய ஊகம் இன்றும் நாள்தோறும் நம் கண்முன் நடக்கிறது. ‘கௌரி’, ‘கெளரி’ என்னும் இரண்டையும் பாருங்கள். கண்ணுக்கு ஒன்றே. முன்னதில் இருப்பது ஔகாரக் குறி. பின்னதில் இருப்பது எகரக் குறியும் ளகர எழுத்தும். கணினிக்கு இவை வேறு வேறு பெயர்கள். பள்ளிப் பதிவேட்டில் ஒரு வகையாகவும் தேர்வுப் பட்டியலில் மற்றொரு வகையாகவும் ஏறிவிட்டால், அம்மாணவியைத் தேடும்போது ‘இல்லை’ என்ற விடை வரும். பார்வையற்றோர்க்குப் படித்துக் காட்டும் பொறியும் பின்னதை ளகரமாகவே ஒலிக்கும்.

அயல்நாட்டில் அமர்ந்த ஒரு பொறியாளர், எகரக் குறியை அடுத்து ளகரம் வந்தால் ஔகாரமாக்குக என்று விதி எழுதிவிடலாம். ஒரு மணி நேர வேலை. கெளுத்தி மீன் உடனே சிதைந்துவிடும். ‘வெளி’, ‘தெளிவு’ ஆகியவையும் கெடும். ளகரத்தோடு வேறு உயிர்க்குறியோ புள்ளியோ சேராதபோது மட்டும் மாற்றுக என்று விதியைத் திருத்தினால் அவை பிழைக்கும். ஆனால் சிறுகதையில் பாட்டி சொல்லும் ‘வெளக்கு’ என்னும் பேச்சு வழக்கு ‘வௌக்கு’ ஆகிவிடும். இதனைச் சோதனைக் கருவி கண்டுபிடிக்காது. தமிழ் படித்த ஒருவர் குழுவினுள் இருந்து, விதி எழுதிய அன்றே இச்சொற்களை எடுத்துக் காட்டவேண்டும்.

இன்று பல மென்பொருள்களின் தமிழ்ப் பகுதி தன்னார்வலர் கையிலேயே உள்ளது. ஆகவே தமிழாசிரியர் இக்குழுக்களுக்குப் புறத்தே நிற்கவேண்டியதில்லை. குறை கண்டவிடத்து ‘உங்கள் தமிழ் சரியில்லை’ என்று எழுதுவதால் பயன் சிறிது. எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, எந்த விசைகளை எந்த வரிசையில் அழுத்தியபோது, எது தோன்றவேண்டிய இடத்தில் எது தோன்றியது என்று குறித்து, ஒரு மடலுக்கு ஒரு பிழையாக அனுப்புதல் வேண்டும். பிழையுற்ற சொல்லைப் படமாக மட்டுமன்றி எழுத்தாகவும் வெட்டி ஒட்டி அனுப்புவது நன்று. ‘கௌ’வா, ‘கெள’வா என்பதைப் படம் காட்டிக்கொடுக்காது.